பூட்ஸ்கால் ரெக்கார்டில் ஒரு சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டில் ஸ்பிரிட் வாசனை வந்தால் யாருக்கோ ஊசி போடப் போகிறார்கள் என்று அர்த்தம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்திலிருந்து அந்த வாசனை எழுந்தபோது, அடுப்படியில் இருந்த என் மனைவி கன்னியம்மா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "யாருக்கு இன்னா ஆச்சு?" என்றாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வைத்தியம் நடக்க இருந்தது என் ரெக்கார்டு ஒன்றுக்கு.

வைத்தியம் பார்க்க வந்தவள் ரூபி. என் சிநேகிதன் ஸ்டான்லியின் மகள். சென்னையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறாள். ஸ்டான்லி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் காலால் மிதித்து வாசித்த சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பெட்டிகளோடு வந்த ரெக்கார்டுகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் உத்திரமேரூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் கிராமத்துக்கு வந்திருந்தாள்.

எல்லாவற்றையும் பார்த்தாள். ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடித்தாள். தகப்பன் பழக்கம். கடைசியில் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "அங்கிள், இதுல ஏதோ கறை இருக்கு. மஞ்சளா, செவப்பா. இத எடுத்துடலாம்" என்றாள். பையிலிருந்து சின்ன ஸ்பிரிட் பாட்டிலையும் வெள்ளைத் துணியையும் எடுத்து, மூடியையும் திறந்துவிட்டாள். அப்பா பெட்டியைப் பிரித்த அன்றைக்கு அது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதில் என்ன தப்பு இருக்கிறது? தகப்பன் பொருளைத் துடைத்து வைக்க நினைக்கிற பிள்ளையை யார் தடுப்பார்கள்?

நான்தான் தடுத்தேன். "கொஞ்சம் இரும்மா" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. அது கறை இல்லை, அதில் ஒரு ஊரே இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது? எட்டாவது வரை படித்தவன் நான். எனக்குச் சுற்றி வளைத்துத்தான் சொல்லத் தெரியும். அவளிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் இந்த ரெக்கார்டு எந்த ஜாதி என்று சொல்லிவிட வேண்டும். கிட்டாரிலிருந்து ஒயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில், வாசிக்கிறவரின் காலடியில் ஒரு பெட்டியை வைப்பார்கள். பெயர் பெடல். நான் வைத்த பெயர் மிதிகட்டை. அதை மிதித்தால் கிட்டாரின் குரலே மாறிப்போகும். ஒன்று பித்தளைக் குடத்துக்குள் மாட்டிக்கொண்ட கருவண்டு மாதிரி உறுமும். ஒன்று கிணற்றுக்குள் கூப்பிட்ட மாதிரி திரும்பத் திரும்பப் பேசும். இன்னொன்று மேஜை விசிறிக்கு முன்னால் வாயை வைத்துப் பாடினால் நடுங்குமே, அப்படி. இதையெல்லாம் காகிதத்தில் எழுதி விளங்க வைக்க முடியுமா? அதனால் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கென்று மெல்லிசாக ஒரு ரெக்கார்டு போட்டுப் பெட்டியோடு இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். அதில் பாட்டு கிடையாது. ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுவார். பிறகு வெறும் கிட்டார் கொஞ்சம். பிறகு அதே வாசிப்பு, மிதிகட்டையை மிதித்து. அவ்வளவுதான். விலை இல்லாத சரக்கு என்பதால் பெரும்பாலானவர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். நான் போடவில்லை. என்னிடம் பதினோரு தட்டுகள் இருக்கின்றன.

நிலம் சேர்த்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. மாடு சேர்த்தவர்கள் உண்டு. நான் சேர்த்தது இதுதான். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

நான் மைக் செட்காரன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவன். ஒரு பக்கம் பழையசீவரம், இன்னொரு பக்கம் தென்னேரி வரைக்கும் மாட்டு வண்டியில் என் குழாய்கள் போயிருக்கின்றன. ஸ்டான்லி காஞ்சிபுரத்து மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தான். திருப்புட்குழிப் பக்கம் ஒரு கல்யாணத்தில்தான் சிநேகிதமானோம். துறைமுகத்தில் வேலை பார்த்த அவன் மச்சான் மூலமாக அவனுக்கு மிதிகட்டைகள் வந்துகொண்டிருந்தன. கூடவே வந்த ரெக்கார்டுகளைப் போட்டுக் கேட்க அவனிடம் பிளேயர் இல்லை. என்னிடம் இருந்தது. ஒரு நாள் காலையில் ஒரு தட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினான். "அண்ணே, இத ஒரு சுத்து வுடேன். இந்தப் பெட்டி இன்னா பேசும்னு தெரியாம மிதிச்சிகினு கீறேன்."

அந்தத் தட்டுதான் இது. பார்த்தால் ரெக்கார்டு என்றே சொல்லமாட்டீர்கள். காலண்டர் அட்டையை விட மெல்லிசு, பிடித்தால் தொங்கும். சுழற்றினால் வழுக்கிக்கொண்டு நின்றுவிடும். நான் ஒரு உபாயம் செய்தேன். எங்கள் அப்பா வைத்திருந்த ஓட்டைக் காலணா ஒன்று பூஜை அலமாரியில் கிடந்தது. பிளேயரின் நடுக்கம்பியில் அதை மாட்டி ரெக்கார்டின் மேல் படுக்க வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. தட்டு வழுக்காமல் சுற்றியது. வெள்ளைக்காரர் பேசினார். கிட்டார் வந்தது. பிறகு "வாவ், வாவ்" என்று ஒரு சத்தம். பசித்த பூனை ஒன்று வீட்டைச் சுற்றி வந்த மாதிரி. ஸ்டான்லி கண்ணை மூடிக்கொண்டான். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு மதியச் சோறு வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டோம்.

அதற்குப் பிறகு புதுப் பெட்டி வந்தால் ரெக்கார்டு என்னிடம் வந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் அவன் வந்து உட்கார்ந்து, ரெக்கார்டைச் சுற்றவிட்டு, கூடவே வாசித்துப் பழகுவான். வலது கால் மிதிகட்டை மேல் இருக்கும், இடது குதிகால் தரையில். எனக்கு அந்தத் தட்டுகளின் மேல் ஆசை வந்துவிட்டது. ஸ்டான்லி கொடுத்தது போதாமல் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் பழைய பேப்பர் கடைகளில் தேடினேன். இரண்டு கிடைத்தன. ஒன்றில் யாரோ காபி டம்ளர் வைத்த வட்டம் இருக்கிறது, அது இன்னும் போகவில்லை.

ஒரு தட்டு தபாலில் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு உறையின் பின்பக்கம் ஜப்பான் கம்பெனியின் விலாசம் இருந்தது. அதை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்தேன். எழுதவில்லை, வரைந்தேன். கடிதத்தைத் தமிழில்தான் எழுதினேன், எனக்கு வேறு என்ன தெரியும்? 'ஐயா, உங்கள் ரெக்கார்டுகள் எங்கள் ஊர் அம்மன் கோயில் வரை ஒலிக்கின்றன. வேறு இருந்தால் தயவு செய்து அனுப்பவும்' என்று எழுதி, மேலே பிள்ளையார் சுழியும் போட்டேன். ஸ்டான்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாலு மாதம் கழித்துத் தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, தட்டையான ஒரு பார்சலை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே ஒரு ரெக்கார்டு. அந்த எழுத்தை அங்கே யார் படித்தார்களோ, அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும். அந்தப் பார்சல் காகிதத்தைக்கூட மடித்து வைத்திருக்கிறேன்.

சரி, பொட்டுக்கு வருகிறேன். ஆயுத பூஜை. ஆம்ப்ளிஃபயர், குழாய்கள், மைக், ஊசி டப்பா எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். சாமிப் பாட்டு ரெக்கார்டுகளுக்கு நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் பொட்டு. மிதிகட்டை ரெக்கார்டும் எனக்குச் சோறு போடுகிற ஆயுதம்தானே, அதை மட்டும் ஒதுக்கலாமா? சந்தனம் தோய்ந்த கட்டைவிரலைக் கொண்டுபோனேன். நடுவில் பார்த்தால், மிதிகட்டையை மிதிக்கிற ஒரு பூட்ஸ் கால் படம். பூட்ஸுக்குப் பொட்டு வைப்பதா? மனசு கேட்கவில்லை. வைக்காமல் விடவும் மனசு கேட்கவில்லை. விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது. சட்டென்று ஓரத்தில், கறுப்பாக இருந்த இடத்தில் வைத்து, மேலே குங்குமமும் இட்டுவிட்டேன்.

அது பாட்டு ஓடுகிற கோடு என்பது தொழில்காரனான எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் பூட்ஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தேன். மேலே இருந்தது போய்விட்டது, உள்ளே இறங்கியது இறங்கியதுதான். ஊசியை வைத்தால் சுற்றுக்கு ஒரு 'டிக்'. வெள்ளைக்காரர் பேசுகிறார், டிக். பூனை கத்துகிறது, டிக். ஸ்டான்லி வந்தபோது குற்றவாளி மாதிரி நின்றேன். அவன் காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான். "வுடுண்ணே. தாளம் இல்லாம இருந்துச்சி, நீ தாளம் போட்டுக் குட்த்துட்ட" என்றான். அவன் கோயில் கச்சேரிக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றி மேடைக்குக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலால்தான் மிதிகட்டையை மிதிப்பான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவன் சாமி வேறு, ஆனால் எதிரில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள் என்கிற மரியாதை அவனுக்குத் தெரியும்.

எங்கள் எல்லையம்மனுக்கு ஆடியில் கூழ் வார்ப்பார்கள். அன்றைக்கு என் செட்தான். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு அம்மன் பாட்டு. இதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிப் பாட்டைப் பாதியில் நிறுத்தமாட்டேன். ஊசியைத் தூக்கினால் அம்மாவின் வாயைப் பொத்தின மாதிரி. கூழ் ஊற்றும் வரை சினிமாப் பாட்டுக்கும் கோயிலில் அனுமதி இல்லை. ஆனால் பூசாரி கூழுக்கு முன்னால் மைக்கில் பேச வேண்டும், அதற்குள் ஏரிக்கரைக் குழாய், பனைமரத்துக் குழாய் எல்லாம் சரியாகக் கேட்கிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். எதைப் போட்டுப் பார்ப்பது? சாமியும் இல்லாமல் சினிமாவும் இல்லாமல் என்னிடம் இருந்தது மிதிகட்டை ரெக்கார்டு ஒன்றுதான். வருஷா வருஷம் அதைப் போட்டேன். ஏரிக்குக் கீழே களை எடுக்கிற பெண்களுக்கு அது மனசில் பதிந்துவிட்டது. டிக், டிக் என்று பூனை கத்தினால் அடுத்தது கூழ். கையைக் கழுவிக்கொண்டு தூக்குச் சட்டியோடு கிளம்பிவிடுவார்கள். கன்னியம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அப்போது எனக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

புதிதாகத் தர்மகர்த்தா ஆன மாணிக்கம் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. அம்மன் வாசலில் பூனை கத்துவதாவது என்று பஞ்சாயத்தில் பேசி, டவுனிலிருந்து கேசட் செட் ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டார். எங்கள் அம்மனுக்கு நான் செட் கட்டாத முதல் ஆடி அது. குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, கூழ் வாங்கச் சட்டியோடு மற்றவர்களைப் போல் போய் நின்றேன். மனசுக்குள், 'தாயே, என் தட்டில் குற்றம் இருந்தால் நீயே சொல்லிவிடு, இத்தோடு தொழிலை விட்டுவிடுகிறேன்' என்று வேண்டிக்கொண்டேன். விளையாட்டுக்கு இல்லை. அன்றைக்கு நான் அந்த முடிவோடுதான் நின்றேன்.

கேசட் செட் விடியற்காலையிலிருந்து நிற்காமல் பாடியது. நல்ல கணீரென்ற சத்தம்தான், குறை சொல்லக்கூடாது. ஒரு கேசட் முடிந்தால் அடுத்தது. பூசாரி மைக்கில் இரண்டு தரம் கூப்பிட்டும் பார்த்தார். அடுத்த பாட்டில் அதுவும் கலந்துபோய்விட்டது. உச்சிப்பொழுது ஆயிற்று. அண்டா அண்டாவாகக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் தயார். வந்திருந்தது சின்னப் பிள்ளைகளும் சில கிழவர்களும்தான். கழனியில் பெண்கள் குனிந்தது குனிந்தபடி. நேரம் வந்ததா வரவில்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாணிக்கம் மாமா மூன்று தரம் ஏரிக்கரை வரை போய்வந்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாபா, கூழு ஆறிப்போய்கினு கீது. ஜனத்தக் காணோம்."

"நான் இன்னா மாமா செய்றது? நானே கூழுக்குத்தான் நின்னுகினு கீறேன்."

"அந்தப் பூனைய எட்தாந்து கத்த வுடு."

"நீதான் மாமா வாணான்ன."

"வாணான்னேன். இப்போ வோணும்ன்றேன். போ, நைனா."

ஓடினேன். அந்த ஓட்டத்தை இப்போது ஓடச் சொன்னால் செத்துவிடுவேன். பிளேயரைத் தலையில் வைத்துக்கொண்டு, ரெக்கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டைக் காலணா மடியில். டவுன்காரர் நல்ல மனிதர், அவரே தன் ஆம்ப்ளிஃபயரில் என் ஒயரைச் சொருகிக் கொடுத்தார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊசியை வைத்தேன்.

டிக். டிக். வெள்ளைக்காரர் பேச ஆரம்பித்தார். பூனை கத்துவதற்குள்ளேயே ஏரிக்குக் கீழே ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு இரண்டு. பிறகு வரிசையாக, பச்சைக்கு நடுவில் சிவப்பும் நீலமுமாகப் புடவைகள் நிமிர்ந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அரை மணியில் கோயில் வாசல் நிறைந்துவிட்டது. முன்னால் வந்தவள் ஒருத்தி, சேறு காயாத காலோடு என் முன்னால் நின்று, "இன்னா மைக்கு செட்டு, பூனைக்கு இப்பதான் பால் ஊத்துனியா? எம்மா நேரம்தான் குனிஞ்சிகினே கீறது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த தை மாதம் அவளுக்கே தாலி கட்டினேன். இதுதான் நான் சொன்ன பதில் என்று ஸ்டான்லி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இவ்வளவையும் ரூபி கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டிலை மூடவில்லை. "புரியுது அங்கிள். ஆனா இந்த ரெக்கார்டு சுத்தமா இருந்தா எப்படி இருக்கும்னு நீங்க கேக்கணும்" என்று போனில் எதையோ தேடிப் போட்டாள். உலகத்தின் எந்த மூலையிலோ யாரோ இதே தட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கிறார். அதே வெள்ளைக்காரர், அதே பூனை. துளி அழுக்கில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. அடுப்படியில் கன்னியம்மா அசையவே இல்லை, தாளித்துக்கொண்டிருந்தாள். "யாரு புள்ள போன்ல, இங்கிலீஷ்காரன்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் எழுந்து என் பிளேயரைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை. காலணாவை மாட்டினேன். ஊசியை வைத்தேன்.

டிக். டிக்.

நாலாவது சுற்றில் கன்னியம்மா கூடத்துக்கு வந்துவிட்டாள். கையில் கரண்டி இல்லை, எப்போது கழுவினாளோ, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். நான் ரூபியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கன்னியம்மாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது குதிகால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. டிக்குக்கு ஒரு தட்டு.

"அப்பா இப்படித்தான் தட்டுவாரு" என்றாள். "இந்த பெடல மிதிச்சா மட்டும் தட்டுவாரு. பாட்டு வேற தாளத்துல இருக்கும், இவரு இத தட்டிக்கிட்டு இருப்பாரு. தப்புப்பா, தப்புப்பான்னு நான் சண்டை போட்டிருக்கேன். கடைசியா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவும் கட்டில்ல தட்டினாரு. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா சிரிப்பாரு."

இங்கேதான் கற்றுக்கொண்டான். என் கட்டைவிரல் சொல்லிக்கொடுத்தது. ரெக்கார்டு முடியும் வரை மூன்று பேரும் நின்றுகொண்டே கேட்டோம். முடிந்ததும் ரூபி பாட்டிலை மூடி, துணியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். டிக்கோடு சேர்த்து இரண்டு தரம் போனில் பதிவு செய்துகொண்டாள். கன்னியம்மா அவளைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

இப்போதும் எங்கள் அம்மனுக்கு ஆடியில் கூழ் வார்க்கிறோம், அவள் புண்ணியத்தில் ஒரு வருஷமும் தவறவில்லை. நேரத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள், எல்லோரும் சரியாக வந்துவிடுகிறார்கள். பனைமரமும் இல்லை, அதன் மேல் கட்டியிருந்த குழாயும் இல்லை. போன வருஷம் கூழ் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பழக்கதோஷத்தில் ஏரிக்குக் கீழே பார்த்தேன். பச்சைக்கு நடுவில் நடவு இயந்திரம் ஒன்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்க அங்கே யாரும் குனிந்திருக்கவில்லை.